இதரப் பொருள்: ஏதுமில்லை

"ஏம்புள்ள, சாப்டியா?"

"ஆச்சுங்க. நீங்க?"

"இனிமேத்தான். கம்ப்ரசர் சூடாயிருச்சு. ஆறட்டும்னு உட்டுட்டு உக்காந்திருக்கறோம். இங்கத்திப் பாறை லேசுல உடுவனாங்குது."

"எப்ப வாரீங்க?"

"இன்னும் நாலு போரு. முடிச்சுட்டு நேரா ஊட்டுக்குத்தான் வாரேன்."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."

"போன தடவ பொய்யி. இந்தத் தடவ நெசம். வேணும்னா எழுதி வெச்சுக்க. பெரிய எழுத்தாப் போட்டு எழுதி வெச்சுக்க."

"உங்க பேச்சுக்குச் சின்ன எழுத்தே போதுமுங்க" என்றாள் அகல்யா.

வேல்முருகன் சிரித்தான். சிரிப்பு பாதியில் இருக்கும்போதே சிக்னல் போய்விட்டது. மீதிச் சிரிப்பு எங்கே போயிற்று என்று அகல்யாவுக்கு இன்றுவரை தெரியாது.

அவன் ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் லாரியில் ட்ரில்லராகப் போனவன். அந்தப் பேச்சு நடந்து ஒன்பது நாள் கழித்து, பிப்ரவரி இருபதாம் தேதி, வடக்கே ஏதோ ஒரு ஊரில் காய்ச்சல் தாங்காமல் லாரியிலிருந்து இறங்கினான். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு இரண்டு நாளில் வந்து சேர்ந்துகொள்வதாகச் சொன்னானாம். சட்டைப்பையில் ஓட்டுநர் உரிமம் இருந்தது. போன் அணைந்து கிடந்தது. உடன் போனவர்களுக்கு அந்த ஊரின் பெயரைச் சரியாகச் சொல்லக்கூட வாயில் வரவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் நல்ல மனிதர் ஒருவர் இருந்தார். அவர்தான் 'கேட்பாரற்றோர் ஒருங்கிணைந்த பதிவேடு' பற்றிச் சொன்னார். ஊர் பேர் தெரியாத இடத்தில் விழுந்தவர்களின் பெயரெல்லாம் பல மாநிலங்களிலிருந்து வந்து அதில் சேரும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவர், காப்பகத்தில் இருப்பவர், அரசுச் செலவில் அடக்கம் செய்யப்பட்டவர், எல்லாரும் ஒரே பட்டியல். கடைசிக் கட்டத்தில் மட்டும் 'உயிருடன்' என்றோ 'இல்லை' என்றோ எழுதியிருக்கும். பதிந்து இரண்டு ஆண்டு முடிந்தால் அந்த வரி தானாக அழிந்துவிடும், இடம் போதவில்லை என்பதற்காக.

பதிவேடு சேலத்தில், ஃபேர்லேண்ட்ஸில் ஒரு கட்டடத்தின் மாடியில் இருந்தது. கீழே ஜன்னலில் மனுக் கொடுக்கலாம். ஒரு மனுவுக்கு ஒரு தேடல். ஒரு தேடலுக்கு நாற்பத்தைந்து நாள்.

அகல்யா முதலில் கணவன் பெயரை உரிமத்தில் உள்ளபடி ஆங்கிலத்தில் எல்லாம் பெரிய எழுத்தாக எழுதிக் கொடுத்தாள். நாற்பத்தைந்து நாள் கழித்து 'இல்லை' என்று வந்தது. எல்லாம் சின்ன எழுத்தாகக் கொடுத்தாள். இல்லை. முதல் எழுத்தை மட்டும் பெரிதாக்கிக் கொடுத்தாள். அதுவும் இல்லை. மூன்றாம் முறை ஜன்னலுக்குள் இருந்த அம்மாள் இரக்கப்பட்டுக் குனிந்து சொன்னார்.

"அங்கங்க டைப் அடிக்கறவங்க அவங்கவங்க இஷ்டத்துக்கு அடிச்சிருக்காங்கம்மா. பெரிய எழுத்துப் பொத்தானை அமுத்துனவன் அதை எடுத்து உடாம பாதிப் பேரை அடிச்சுட்டுப் போயிருப்பான். எங்க கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பெரிய எழுத்து வேற, சின்ன எழுத்து வேற. அப்படியே அச்சு மாதிரி இருந்தாத்தான் ஆமாங்கும்."

பத்து எழுத்துப் பெயர். அதைப் பெரிதும் சிறிதுமாக ஆயிரத்து இருபத்து நாலு விதமாக எழுதலாம். ஒவ்வொன்றுக்கும் நாற்பத்தைந்து நாள். அகல்யா கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படித்தவள். பஸ்ஸில் திரும்பும்போதே மனக்கணக்குப் போட்டுவிட்டாள். நூற்று இருபத்தாறு ஆண்டு.

அந்த வாரமே பேப்பரில் விளம்பரம் வந்தது. அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இயங்கும் பொது மென்பொருள் நூலக வாரியத்துக்கு ஒப்பந்த அடிப்படையில் ஒரு நிரலாளர் தேவை. பணி: பதிவேட்டுத் தேடலுக்காக இரண்டு பெயர்களை எழுத்தின் அளவு பாராமல் ஒப்பிட்டு, ஒன்றா இல்லையா என்று சொல்லும் நிரல். எந்த நாட்டில், எந்தக் கணினியில் வைத்தாலும் அது 'எங்கும்' ஒரே பதிலைச் சொல்ல வேண்டும்.

சேரும்போது உறுதிமொழியில் கையெழுத்து வாங்கினார்கள். அதில் ஏழாம் பிரிவு இப்படி இருந்தது: 'பதிவேட்டில் எனக்கோ என் உறவினருக்கோ எவ்வித நாட்டமும் இல்லை. இருப்பதாகத் தெரியவந்தால், நான் எழுதியது அனைத்தும் எழுதப்படாததாகக் கருதப்பட்டுப் பணி முதலிலிருந்து தொடங்கும்.' கணவர் அல்லது தந்தை பெயர் என்ற இடத்தில் அகல்யா தந்தை பெயரை எழுதினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்த இடத்தில் வேறு பெயர் எழுதியது அதுதான் முதல் தடவை.

நிரலை மூன்றே நாளில் எழுதி முடித்தாள். ஒரு எழுத்தை எடு, சின்னதாக்கு. அந்தப் பக்கத்து எழுத்தை எடு, சின்னதாக்கு. இரண்டும் ஒன்றா பார். அவ்வளவுதான். அதை வாரியத்தில் ஒப்படைத்தபோது கண்காணிப்பாளர் கோகிலவாணி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மூணு நாளா? இதை யாருகிட்டயும் சொல்லிராத, கண்ணு."

கோகிலவாணி நல்ல மனசுக்காரர். தினமும் யாருக்காவது சாப்பாட்டில் பங்கு வைப்பார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும் வாரியக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை அவர்தான் தயாரிப்பார், கூட்டத்துக்கு முந்தின நாளே. எல்லாக் குறிப்பும் 'இதரப் பொருள்: ஏதுமில்லை. நாட்டுப்பண்ணுடன் கூட்டம் இனிதே நிறைவுற்றது' என்று முடியும்.

"நடந்தப்பறம் எழுதுனாத் தப்பு வருது கண்ணு. முன்னாடியே எழுதீட்டா, வர்றவங்க அதைப் பாத்து நடந்துக்குவாங்க" என்று விளக்கினார்.

முதல் கூட்டம் அக்டோபரில் நடந்தது. இயக்குநர் சந்திரசேகரின் நாற்காலி முதுகில் வெள்ளைத் துண்டு போர்த்தியிருந்தது. துணை இயக்குநர்களுக்கு அதைவிடச் சிறிய துண்டு. மற்றவர்களுக்குத் துண்டில்லை. இயக்குநர் நிரலை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"அம்மா, பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒண்ணுதான்னு நீங்க சுலபமா முடிவு பண்ணீட்டீங்க. இந்த நாற்காலிக்கு வர எனக்கு இருபத்தெட்டு வருஷம் ஆச்சு. நாளைக்கு ஒரு பெட்டி, வாசல்ல நிக்கற செக்யூரிட்டியும் நானும் ஒண்ணுன்னு சொல்லும். அதையும் ஒத்துக்கறதா? நான் சமத்துவத்துக்கு எதிரியில்லை. சமம்னு சொல்லட்டும். ஆனா சமம்னு சொல்றதுக்கு முன்னாடி, இதுல பெரியவர் யாருன்னு ஒரு குறிப்பு போட்டுட்டுச் சொல்லட்டும்."

மேசையைத் தட்டினார்கள். அகல்யா அந்தக் குறிப்பையும் எழுதிச் சேர்த்தாள். அதை யாரும் படிக்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் தலைக்கு மேலே மின்விசிறி, அதற்கு மேலே கூரை, அதற்கு மேலே அந்தப் பதிவேடு. மாடிப்படி வளைவுவரை ஒருநாள் ஏறிப் பார்த்தாள். காவலாளி எழுந்து நின்று, "என்னங்கம்மா வேணும்?" என்று மரியாதையாகத்தான் கேட்டான். "ஒண்ணுமில்லீங்க" என்று இறங்கி வந்துவிட்டாள்.

ஜனவரிக் கூட்டத்தில் 'எங்கும்' என்ற சொல் விவாதத்துக்கு வந்தது. மாடிப்படிக்கு அடியில் ஒரு பழைய கணினி கிடந்தது. அதன்மேல் அலுவலகத்துச் சாப்பாட்டுக் கேரியர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அந்த வகைக் கணினியில் எழுத்துகளுக்குரிய எண்கள் ஒன்றையடுத்து ஒன்று வராது. ஒன்பது எழுத்துக்கு அப்புறம் ஒரு பள்ளம், பிறகு மறுபடி எழுத்து. அதிலும் நிரல் ஓட வேண்டும் என்றார்கள். அகல்யா பழைய கையேடுகளைத் தேடிப் படித்து, பள்ளம் தாண்டும் வழியை எழுதினாள். சோதிக்கப் போனால் கணினிக்கு ஒயரே இல்லை. உள்ளே எலி குட்டி போட்டிருந்தது.

"இது ஓடாதுங்களே சார்" என்றாள்.

"ஓடற பெட்டியில எந்த நிரலும் ஓடும்மா" என்றார் ஒரு துணை இயக்குநர். "ஓடாத பெட்டியிலயும் ஓடினாத்தான் அது 'எங்கும்'."

ஒயர் வாங்க ஒரு துணைக்குழு அமைந்தது.

வீட்டில் மாமியார் பெருமாயி, அவள் செருப்பைக் கழற்றுமுன்பே கேட்பார்: "அந்தப் பொட்டி இன்னிக்காச்சும் என்ன சொல்லுச்சு சாமி?"

"இன்னும் எழுதிக்கிட்டேதானுங்க அத்தை இருக்கறேன்."

"என்னத்த அப்படி எழுதற? அவம் பேரு பத்து எழுத்துன்னுதான சொன்ன?"

அகல்யா ஞாயிற்றுக்கிழமைதோறும் வாசலுக்குப் போய் வேல்முருகனின் பைக்கை உதைத்து ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பாள். பேட்டரி இறங்கிவிடக் கூடாது. அந்த ஐந்து நிமிடமும் பெருமாயி உள்ளே அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஏப்ரலில் துருக்கி வந்தது. அந்த நாட்டு மொழியில் 'ஐ' என்ற ஆங்கில எழுத்தைப் பெரிதாக்கினாலும் தலையில் புள்ளி நிற்குமாம். புள்ளி இல்லாமல் தனியாக இன்னொரு எழுத்தும் உண்டாம். ஆகவே இரண்டையும் ஒன்று என்று சொல்லலாமா கூடாதா? துருக்கி வல்லுநர் ஒருவரின் கருத்து பெறாமல் மேற்கொண்டு நகர முடியாது என்று தீர்மானம் ஆயிற்று. வேல்முருகனின் பெயரில் அந்த எழுத்தே கிடையாது. அதைச் சொல்ல அகல்யாவுக்கு வாய் வரை வந்தது. ஏழாம் பிரிவு நினைவுக்கு வர, தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

வாரியத்தின் கோப்புகளில் துருக்கி என்ற சொல் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. அப்படித்தான் செவ்வாய்ப்பேட்டை ஜவுளிக்கடைக்காரர் கந்தவேலுக்கு அழைப்பு போயிற்று. நாற்காலிகளுக்கு டர்க்கி டவல் என்னும் துருக்கித் துண்டு கொடுத்தவர் அவர்தான். துண்டு ஏதோ சாயம் போய்விட்டது போல என்று பயந்துகொண்டே வந்தார்.

"துருக்கி விஷயத்துல உங்களுக்கு எத்தனை வருஷ அனுபவம்?" என்று கேட்டார் இயக்குநர்.

"முப்பது வருஷமாத் துண்டு விக்கறனுங்க. ஆனா அது கொமாரபாளையத்துல நெய்யறதுங்களே."

"அது இருக்கட்டும். புள்ளி வரலாமா, வரக்கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

கந்தவேல் நாற்காலியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "புள்ளி வந்தா மால் திரும்பி வந்துருமுங்க. வராம இருக்கறதுதான் நல்லதுங்க."

'புள்ளி தவிர்க்கத்தக்கது என்பது வல்லுநர் கருத்து' என்று குறிப்பில் ஏறியது. கோகிலவாணி அதற்கு மட்டும் முன்கூட்டியே இடம் விட்டு வைத்திருந்தார்.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது கந்தவேல் அகல்யாவிடம் கேட்டார். "ஏஞ்சாமி, எனக்கொண்ணும் வெளங்குல. இங்க என்னதான் நடக்குது?"

அவள் பதிவேட்டைப் பற்றிச் சொன்னாள். தன்னைப் பற்றிச் சொல்லவில்லை.

"எத்தன பேரு இருக்கும் அதுல?"

"பதினோராயிரம்னு சொல்றாங்க."

"அட, அதை அச்சடிச்சு ஒரு ஆளு கையில குடுத்தா ரெண்டு நாள்ல படிச்சுப் போடலாமே சாமி! கண்ணுக்குத் தெரியாதா, பெருசா இருந்தாலும் சிறுசா இருந்தாலும் ஒரே பேருன்னு?"

அந்த யோசனை அகல்யாவுக்கு முதல் மனு எழுதிய நாளே வந்ததுதான். அவளுக்கு முன்னால் யாரோ ஒரு அப்பா வந்து அதையே கேட்டிருக்கிறார். பதிவேட்டு அலுவலகம் கொடுத்த பதில் சட்டம் போட்டு வாசலில் மாட்டியிருந்தது: 'கேட்பாரற்றோரின் அந்தரங்கம் காக்கப்படவேண்டியிருப்பதால் பதிவேட்டைக் கண்ணால் பார்க்க இயலாது. மேலும், கேட்க ஆள் உள்ளவர் கேட்பாரற்றோர் ஆகார். எனவே தேடி வருவோரின் உறவினர் பெயர் இப்பதிவேட்டில் இருக்க வாய்ப்பில்லை.'

கந்தவேல் அதைக் எழுத்துக் கூட்டி மெல்லப் படித்தார். பிறகு அகல்யாவின் முகத்தைப் பார்த்தார். அவர் கடைக்கு நாள் முழுக்கப் பெண்கள் வருகிறார்கள். முகம் பார்க்கத் தெரிந்தவர். ஒன்றும் கேட்காமல், "வாரேன் சாமி" என்று கிளம்பிவிட்டார்.

ஜூலையில் நிரலுக்குப் பெயர் வைத்தார்கள். ஒரே வேலையைச் செய்யும் நிரலுக்கு ஒரு வகைக் கணினியில் ஒரு பெயர், மற்றொன்றில் வேறு பெயர். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று வேண்டும் என்று மூன்று மாதம் தேடி, இயக்குநரின் தலைப்பெழுத்தும் சேர்ந்த நாற்பத்தோரு எழுத்துப் பெயர் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பெயர்சூட்டு விழாவில் கேசரி கொடுத்தார்கள்.

அக்டோபரில் சோதனை. உண்மையான பெயர்களைத் தொடக் கூடாது என்பதால் சோதனைப் பெயர்களை அகல்யாவே கற்பனையாக எழுதிக்கொள்ள வேண்டும் என்றார்கள். எல்லாரும் டீ குடிக்கப் போன நேரத்தில் அவள் கற்பனையாக வேல்முருகன் என்று எழுதினாள். பெரிதும் சிறிதுமாக ஆயிரத்து இருபத்து நாலு விதத்தையும் கணினியையே எழுதச் சொல்லி, ஒவ்வொன்றாக ஒப்பிட விட்டாள்.

திரையில் வரிகள் ஏறத் தொடங்கின. ஒன்றே. ஒன்றே. ஒன்றே. எந்தக் கிறுக்கன் எப்படி அடித்திருந்தாலும், எந்தப் பொத்தான் மாட்டிக்கொண்டிருந்தாலும், ஒன்றே. கூரைக்கு மேலே உள்ள ஏதோ ஒரு வரி இவற்றில் ஏதோ ஒன்றாக இருக்கும். இருந்தால், அதன் கடைசிக் கட்டத்தில் ஒரு சொல் இருக்கும். நூற்று இருபத்தாறு ஆண்டு இரண்டு விநாடியில் ஓடி முடிந்தது. அகல்யா முந்தானையால் திரையைத் துடைத்தாள். திரையில் ஒன்றுமில்லை, கண்ணில்தான் இருந்தது.

"என்ன கண்ணு, தூசியா?" என்று கேட்டுக்கொண்டே கோகிலவாணி டீயைக் கொண்டுவந்து வைத்தார். "ஆமா, ஊட்டுக்காரரு எங்கயோ வெளியூர்லன்னு எங்கிட்ட மட்டும் சொன்னியே, பொங்கலுக்காச்சும் வருவாரா?"

"தெரியலீங்கக்கா."

கடைசிக் கூட்டம் ஜனவரி இருபத்தொன்பதாம் தேதி. அவன் வரி அழியக்கூடிய பிப்ரவரி இருபதுக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. அந்த வாரம் அகல்யா இரண்டு முறை காலையில் பல் துலக்க மறந்தாள். பெருமாயி கேட்பதை நிறுத்தியிருந்தார். அவள் வரும்போது முகத்தை மட்டும் பார்ப்பார்.

நிரல் ஒருமனதாக நிறைவேறியது. முழு நிரலையும் அச்சடித்துப் பட்டுத்துணியில் கட்டிக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். போட்டோ எடுத்தார்கள். அகல்யாவையும் ஓரமாக நிற்கச் சொன்னார்கள். இயக்குநர் பேசினார்.

"பதினாறு மாச உழைப்பு. துருக்கியில ஓடும். ஓடாத பெட்டியிலயும் ஓடும். சிலபேர் கேக்கலாம், இது மாடியில இருக்கற பதிவேட்டுல எப்ப ஓடும்னு. நமக்குக் குடுத்த வேலை நூலகம். பதிவேடு நம்ம வேலையில்லை. நூலகத்தைப் பதிவேட்டோட இணைக்கறதுக்குத் தனியா ஒரு வாரியம் அமைக்கச் சொல்லி எழுதியிருக்கேன். அதோட தலைவர் பொறுப்பையும் நானே ஏத்துக்கறதாப் பெருந்தன்மையோட சம்மதிச்சிருக்கேன். ஏப்ரல்ல கூடுவோம். அவசரம் ஒண்ணுமில்லை. பதிவேட்டுல இருக்கறவங்க யாரும் நம்மளைக் கேள்வி கேக்கறதில்லை. இத்தனை வருஷத்துல ஒரு புகார் கிடையாது. இந்த மாதிரி அமைதியான பயனாளிகள் எந்தத் துறைக்கு வாய்ப்பாங்க?"

மேசையைத் தட்டினார்கள். கோகிலவாணி முந்தின நாள் எழுதிய குறிப்பின் கடைசி வரியை வாசித்தார்.

"இதரப் பொருள்: ஏதுமில்லை."

எல்லாரும் நாட்டுப்பண்ணுக்காக நாற்காலிகளைப் பின்னால் தள்ளினார்கள். அகல்யா எழவில்லை. ஏப்ரலுக்கும் பிப்ரவரிக்கும் நடுவில் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு, எண்ண ஒன்றுமில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இனி வாயை மூடிக்கொண்டிருப்பதால் காப்பாற்றக்கூடியது எதுவும் மிச்சமில்லை.

"இருக்குதுங்க" என்றாள்.

பாதி எழுந்தவர்கள் பாதியிலேயே நின்றார்கள். கோகிலவாணி குறிப்பைப் பார்த்தார், அகல்யாவைப் பார்த்தார், மறுபடி குறிப்பைப் பார்த்தார்.

"ஏதுமில்லைன்னு டைப் ஆயிருச்சே கண்ணு" என்றார் மெதுவாக.

"என்ன பொருள்?" என்று கேட்டார் இயக்குநர். "யார் சார்பா?"

அகல்யா எழுந்து நின்றாள். பதினாறு மாதமாகத் தாலியை ரவிக்கைக்குள் தள்ளித் தள்ளி வைத்துப் பழகிய கை, இப்போது அதை வெளியே எடுத்துப் பிடித்துக்கொண்டது.

"என்ற ஊட்டுக்காரரு பேரு வேல்முருகனுங்க. ரிக் லாரியில போனவரு. ரெண்டு வருஷம் ஆகப்போகுதுங்க. நான் கையெழுத்துப் போட்டது பொய்யிங்க. நான் எழுதுனதையெல்லாம் எழுதாததாவே வெச்சுக்கங்க, கிழிச்சுக்கூடப் போட்டுருங்க. மேல இருக்கற அந்தப் பதிவேட்ட ஒரே ஒரு தடவ என்ற கண்ணுல காட்டுங்க. பதினோராயிரம் பேரையும் நானே படிச்சுக்கறேன். கடைசிக் கட்டத்துல என்ன போட்டிருந்தாலும் சரிங்க, படிச்சுக்கறேன். அவரைக் கேக்கறதுக்கு நான் இருக்கறனுங்க."